ஓட்டுக்குள் ஆடும் தூளி

முதல் தடவை பார்த்தபோது கத்தியே விட்டேன். மீஞ்சூருக்குப் பக்கத்தில் மாமியார் வீடு. ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போயிருந்தது. பின்கட்டில் கூடைக்குள் அடைக்கு உட்கார்ந்திருந்த கறுப்புக் கோழியின் அடியில் கையை விட்டு அத்தை ஒரு முட்டையை எடுத்து நீட்டினார். "கூமுட்டையான்னு பாருங்க மாப்பிள்ளை." செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன்மேல் முட்டையின் மொத்தை முனையை வைத்து, வெளிச்சம் சிதறாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். முட்டை முழுவதும் செம்மஞ்சளாக எரிந்தது. உள்ளே, சிலந்தி காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த மாதிரி ரத்தக்குழாய்கள். நடுவில் கடுகளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. அடை வைத்து அன்று ஐந்தாம் நாள். அந்தப் புள்ளிதான் குஞ்சின் கண். அது ஆடியது. மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

"அத்தை, அசையுது அத்தை!"

"உசிரு இருந்தா அசையாதா?" என்று சொல்லிவிட்டு அவர் முட்டையை வாங்கிக் கோழிக்கு அடியில் தள்ளிவிட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு பைத்தியம் இன்னும் கூடிவிட்டது. குஞ்சு தானாக நெளிவதும் உண்டாம். ஆனால் அந்தச் சீரான ஆட்டம் பெரும்பாலும் அதைச் சுற்றியிருக்கிற பனிக்குடத்தின் வேலை. பனிக்குடச் சவ்வில் மெல்லிய தசை இழைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நரம்பே கிடையாது. ஆட்டு என்று மூளை உத்தரவு போடவில்லை. அந்த வயதில் மூளையே அரைகுறைதான். அந்தச் சவ்வு தானாகச் சுருங்கி, தானாக விரிந்து, தனக்குள் இருக்கும் நீரையும் அதில் மிதக்கும் கருவையும் ஆட்டிக்கொடுக்கிறது. புடவையில் தூளி கட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்கிற ஊர்க்காரன் நான். தூளியே பிள்ளையை ஆட்டுகிறது என்று கேட்டால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

சவ்வு என்ற சொல்லே எனக்குச் சோறு போட்டது. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் தொடங்கியது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் தரும் திறனோடு கட்டினார்கள். அங்கே பல வருடம் ஷிப்ட் பார்த்தேன். எங்கள் வேலையே 'மெம்பரேன்'தான். எட்டங்குலக் குழாய்க்குள் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வைத்த மெல்லிய படலம் அது. 60 பார் அளவுக்கு அழுத்தம் கொடுத்துக் கடல்நீரை அதன்மேல் தள்ளினால் உப்பு இந்தப் பக்கம் நின்றுவிடும், நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் வந்துவிடும். அந்த மோட்டார்களின் இரைச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. இத்தனை இரும்பும் மின்சாரமும் சேர்ந்து ஒரே ஒரு காரியம் செய்கிறது. வெங்காயச் சருகைவிட மெல்லிய நான்கு சவ்வுகள், ஓசையே இல்லாமல், கூடைக்குள் இருக்கிற ஒரு நாட்டுக்கோழி முட்டையில் எத்தனை காரியம் செய்கின்றன என்று பார்த்தபிறகு இந்த உலகத்தில் எனக்குப் பிடித்த பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

நான்குக்கும் பாடப்புத்தகப் பெயர் உண்டு. பனிக்குடத்தை ஆம்னியான் என்கிறார்கள். எல்லாவற்றையும் சுற்றி வெளியே நிற்பது கோரியான். மஞ்சள் கருவைச் சுற்றிக்கொள்வது கருவுணவுப் பை. கடைசியாக அலன்டாயிஸ். இவை நான்கும் தாய்க்கோழி கொடுத்தவை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. ஓடும் வெள்ளைக்கருவும் தாய் கொடுத்தவை. இந்த நான்கும் கரு தன் செல்களைக் கொண்டே தனக்காகக் கட்டிக்கொள்பவை. ஒரு பக்கம் தலையும் முதுகும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அதே உயிர் மறுபக்கம் தான் குடியிருக்க வீடும், சோற்றுப் பானையும், மூச்சுக் குழலும், சாக்கடையும் சேர்த்துச் செய்துகொள்கிறது. 21ஆம் நாள் அதையெல்லாம் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது.

கருவுணவுப் பை மஞ்சள் கருமேல் ரத்தக்குழாய்களைப் படரவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, ரத்தத்தின் வழியாகக் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நான் பார்த்த அந்தச் சிலந்திக் கால்கள் இந்தப் பையின் குழாய்கள்தான். அவற்றில் ஓடும் முதல் ரத்த அணுக்களே அந்தப் பையின் சுவரில்தான் பிறக்கின்றன. கோழிக்கு மட்டுமா? மனிதனுக்கும் அப்படியே. நம்முடைய முதல் ரத்தம் உடம்புக்குள் உண்டானது இல்லை; உடம்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பையில் உண்டானது. இதை நான் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது பிளஸ் டூ படிக்கிற மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

என் நெஞ்சை அள்ளியது அலன்டாயிஸ். மூன்றாம் நாள் வாக்கில் குஞ்சின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு மொட்டு மாதிரி வெளியே வருகிறது. சிறுநீர்க் கழிவு தேங்குவதற்கான பை அது. வளர்ந்து போய்க் கோரியானோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபிறகு இரண்டும் ஒன்றாகிப் பரவுகின்றன. பன்னிரண்டாம் நாள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டின் உள்பக்கம் முழுவதும், கூர் முனைவரைக்கும், மின்னல் வெட்டினாற்போல் ரத்தக்குழாய்கள் ஓடியிருக்கும். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே வரும் காற்றை இந்தச் சவ்வு வாங்கிக்கொள்கிறது. குஞ்சின் நுரையீரல் கடைசி நாள்வரை சும்மா கிடக்கிறது, மூச்சு வாங்குவது இந்தச் சவ்வுதான். இதே சவ்வு ஓட்டிலிருந்து சுண்ணாம்பையும் அரித்து எடுத்துக் குஞ்சின் எலும்புக்கு அனுப்புகிறது. அதனால் பொரிக்கும் நேரத்தில் ஓடும் மெலிந்துபோய், குஞ்சு உடைப்பதற்கு எளிதாகிவிடுகிறது. வீட்டுச் சுவரையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எலும்பாக்கிக்கொண்டு, கடைசியில் அந்த எலும்பை வைத்தே சுவரை உடைத்துக்கொண்டு வருகிறது!

அடைக்கோழியைக் கவனித்துப் பார்த்தால் அது சும்மா உட்கார்ந்திருக்காது. எழுந்து, அலகால் முட்டைகளைத் தள்ளிப் புரட்டிவிட்டு மறுபடி உட்காரும். ஒரு நாளில் பல தடவை. புரட்டாவிட்டால் உள்ளே இருக்கும் சவ்வுகள் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு குஞ்சு செத்துவிடும். இன்குபேட்டர் வைத்திருப்பவர்களும் 18ஆம் நாள்வரை முட்டையைத் திருப்பிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக்கு வரும்போது இது அப்படியே தலைகீழாகப் போகிறது.

20ஆம் நாள் காலை. அத்தை ஒரு முட்டையை என் காதில் வைத்தார். உள்ளிருந்து 'கீச்' என்றது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மொத்தை முனையில் ஒரு காற்றறை இருக்கிறதே, குஞ்சு அலகால் அதன் சவ்வைக் குத்தி, முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. பிறகுதான் ஓட்டைத் தட்டுகிறது. மதியம் சின்னதாக ஓட்டை விழுந்தது. சாயங்காலம்வரை அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. போன வருடம் இதே மாதிரி ஒரு குஞ்சுக்கு உதவி செய்வதாக நினைத்து ஓட்டை உரித்துவிட்டேன். ரத்தம் வழிந்தது. அது பிழைக்கவில்லை. ஏன் என்று அன்று தெரியாது. இன்று தெரியும்: அலன்டாயிஸ் குழாய்களில் ரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மஞ்சள் கருவைப் பையோடு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதற்கு நேரம் வேண்டும். "கை வைக்காதீங்க மாப்பிள்ளை, அதுக்கு நேரம் தெரியும்" என்று அத்தை சொன்னதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வயிற்றுக்குள் போன அந்தக் கருவுணவுதான் குஞ்சுக்குக் கட்டுச்சோறு. அது இருக்கும்வரை இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். பொரித்த அன்றே குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிவது அதனால்தான்.

பொரித்த ஓடுகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். காய்ந்துபோன சவ்வில் ரத்தக்குழாய்கள் வரைந்த படம் அப்படியே இருக்கும், ஆற்று முகத்துவாரத்தை வானத்திலிருந்து பார்த்த மாதிரி. ஓர் ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் மாதிரி கொஞ்சம் ஒட்டியிருக்கும். மூன்று வாரம் அலன்டாயிஸ் சேர்த்துவைத்த கழிவு அது. மூன்று வாரக் கழிவும் விரல் நுனியில் அடங்கும், நாற்றமும் கிடையாது. எங்கள் ஆலையில் உப்புக்கழிவை என்ன செய்வது என்று யோசிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

இந்தக் குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வராமல் போடுகிற தடுப்பு மருந்துகூட அலன்டாயிஸ் கொடுத்த கொடைதான். ராணிக்கெட் நோய் என்று புத்தகத்தில் எழுதுவார்களே, அதுதான். ராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அந்த மருந்தைத் தயாரிக்கிறது. கரு வளரும் முட்டையின் அலன்டாயிஸ் நீருக்குள் வைரஸை வளர்த்து எடுக்கும் முறை அது. ஒரு முட்டையின் சவ்வு எத்தனையோ குடிசைக் கோழிகளைக் காப்பாற்றுகிறது.

சரி, முட்டையே போடாத நம் கதை? சவ்வுகள் அதேதான். வேலைதான் மாறியிருக்கிறது. மாடு கன்று போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் ஒரு தண்ணீர்க் குடம் வந்து உடையும். அது அலன்டாயிஸ். அடுத்து வழவழவென்று இன்னொன்று வரும். அதுதான் பனிக்குடம். அதற்குப் பின்னால் கன்றின் குளம்பு. கடைசியாக இளங்கொடி விழும். பொன்னேரிப் பக்கம் போகும்போது ஆலமரக் கிளையில் அதைச் சாக்கிலோ வைக்கோலிலோ சுற்றிக் கட்டித் தொங்கவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாடு நிறையப் பால் கறக்கும் என்ற நம்பிக்கை. அந்த மூட்டைக்குள் இருப்பது வேறொன்றுமில்லை, கோழி முட்டைக்குள் மூச்சு வாங்கிய அதே கோரியானும் அலன்டாயிஸும்தான். மாட்டின் கருப்பையில் ஓடு இல்லை. அதனால் ஓட்டுக்குப் பதிலாக அவை தாயின் சுவரைப் பற்றிக்கொண்டன, காற்றுக்குப் பதிலாகத் தாயின் ரத்தத்திலிருந்து மூச்சை வாங்கின. பெயர் தெரியாமலே நம்மவர்கள் அதற்கு மரத்தில் இடம் கொடுத்து மரியாதை செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த மரங்களைத் தாண்டிப் போகும்போது கும்பிடத் தோன்றுகிறது.

வீட்டில் பெண்கள் கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சின்ன அட்டை இருக்கிறதே, அதில் இரண்டாவது கோடு விழ வைப்பதும் கோரியான் பக்கத்துச் செல்கள் சுரக்கிற ஹார்மோன்தான். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று முதலில் தாக்கல் சொல்வது பிள்ளை இல்லை, பிள்ளையின் சவ்வு. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று ஆட்டோவைக் கூப்பிட ஓடியிருக்கிறேன் நானும், மகள் பிறந்த அன்று. பனிக்குடம்! என்ன ஒரு சொல்! எந்தப் பாட்டி வைத்தாளோ.

பழவேற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு செய்ய நல்லது என்று பால் சுறா வாங்கப் போனேன். மீன் அறுக்கிற அம்மா வயிற்றைக் கீறியதும் உள்ளிருந்து விரல் நீளத்துக்குமேல் மூன்று குட்டிகள். ஒவ்வொன்றின் நெஞ்சுப் பக்கத்திலிருந்தும் ஒரு கயிறு போய்த் தாயின் உட்சுவரில் ஒட்டியிருந்தது. "கொடியோட இருக்கு பாருப்பா, இதுவும் நம்மள மாதிரிதான்" என்றார் அந்த அம்மா. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சுறா மீன் இனம். மீன்களுக்குப் பனிக்குடமும் கிடையாது, அலன்டாயிஸும் கிடையாது. இருக்கும் ஒரே சவ்வு கருவுணவுப் பைதான். பால் சுறா அந்த ஒன்றை வைத்துக்கொண்டே சமாளித்துவிட்டது. உள்ளே இருந்த மஞ்சள் கரு தீர்ந்ததும் அந்தக் காலிப் பையைத் தாயின் கருப்பைச் சுவரில் பதித்து நஞ்சுக்கொடியாக மாற்றிவிடுகிறது. 2300 வருடங்களுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் ஒரு வகைச் சுறாவில் இந்தக் கொடியைப் பார்த்து எழுதிவைத்தார். கோழி முட்டைகளை நாள்வாரியாக உடைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் இதயம் ரத்தப் புள்ளியாகத் துடிப்பதையும் அவரே எழுதியிருக்கிறார். சுறாவைப் பற்றி அவர் சொன்னதை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி யோகன்னஸ் முல்லர் சோதித்து உறுதிப்படுத்தினார். பழவேற்காட்டு அம்மாவுக்கு யாரும் உறுதிப்படுத்த வேண்டியிருக்கவில்லை. தினமும் கத்தி முனையில் பார்க்கிறார்.

இனி ஆமை. எங்கள் காட்டுப்பள்ளிக் கடல், எண்ணூரிலிருந்து பழவேற்காடுவரை நீளும் இந்தக் கரை, தை மாதத்திலிருந்து பங்குனி ஆமை வந்து போகிற கடல். ஒரு பக்கம் துறைமுகத்து கிரேன்களின் வெளிச்சம், இன்னொரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். நடுவில் ஓர் இருட்டான மணல் துண்டைத் தேடி நாற்பது கிலோ ஆமை ஒன்று மூச்சிரைக்க ஏறிவருகிறது. வனத்துறை ஆட்களோடு போன ஓர் இரவில் பத்தடி தள்ளி, டார்ச் அடிக்காமல், மூச்சு விடாமல் உட்கார்ந்து பார்த்தேன். பின்கால்களால் குடம் மாதிரியே ஒரு குழி. கழுத்து குறுகி, அடி அகன்று, கிட்டத்தட்ட ஒன்றரை அடி ஆழம். அதற்குள் பிங்பாங் பந்து மாதிரி நூற்றுக்கும் மேல் முட்டைகள். மூடி, வயிற்றால் தட்டிச் சமப்படுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி உறைத்தது. வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடக்கிற உயிர். மணலில் நகரவே திணறுகிறது. கடலிலேயே முட்டை போட்டுவிட்டுப் போகலாமே? போட முடியாது. ஆமையின் முட்டைக்குள்ளும் அந்த நான்கு சவ்வுகள் இருக்கின்றன. அதன் அலன்டாயிஸ் காற்றைத்தான் வாங்கும். தண்ணீரில் மூழ்கினால் முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும். 30 கோடி வருடங்களுக்கு முன்பே அதன் முன்னோர்கள் குளத்தையும் கடலையும் ஒரு பனிக்குடத்துக்குள் ஊற்றிக்கொண்டு தரையேறிவிட்டார்கள். ஆமை பிறகு கடலுக்குத் திரும்பியது; சவ்வுகள் திரும்பவில்லை. அதனால் ஒவ்வொரு தாய் ஆமையும் கரைக்கு வந்தே தீர வேண்டும்.

கோழி முட்டையைப் புரட்டாவிட்டால் சாகும் என்றேன் இல்லையா? ஆமை முட்டையைப் புரட்டினால் சாகும். போட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் உச்சிக்கு வந்துவிடுகிறது, அதைச் சுற்றிய சவ்வு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடம் ஓட்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நாளாக ஆகப் பரவி முட்டை முழுக்க வெளுத்துவிடும். அதற்குப்பின் தலைகீழாக வைத்தால் ஒட்டு பிய்ந்து கரு போய்விடும். அதனால்தான் ஆபத்தான இடத்தில் இருக்கும் கூட்டை அந்த இரவே, சில மணி நேரத்துக்குள், முட்டையின் மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். சென்னைக் கடற்கரையில் இந்த வேலை 1970களில் இருந்து நடக்கிறது. அன்று ஒருவர் முட்டைகளை எடுத்துவைத்ததைப் பார்த்தேன். கோயில் குருக்கள் கற்பூரத் தட்டைத் தூக்குகிற நிதானம். அவர் பின்னால் நடந்த அந்த ஒரு கிலோமீட்டரை என் வாழ்க்கையின் மிக நல்ல நடைகளில் ஒன்றாகச் சொல்வேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ கோழி அடைக்கு உட்கார்ந்தால், ஐந்தாம் நாள் இரவு பிள்ளைகளைக் கூப்பிட்டு, செல்போன் வெளிச்சத்தில் ஒரே ஒரு முட்டையைக் காட்டுங்கள். அரை நிமிடம் போதும். பிறகு சூடு ஆறுவதற்குள் கோழிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

தையிலிருந்து பங்குனிவரை எங்கள் பக்கக் கடற்கரைக்கு வந்தால், டிராக்டர் தடம் மாதிரி ஒரு சுவடு அலையிலிருந்து மேலேறிப் போய்த் திரும்பியிருப்பதைப் பார்க்கலாம். அங்கே தோண்டாதீர்கள், முட்டையைத் தொடாதீர்கள், வெளிச்சம் அடிக்காதீர்கள். வனத்துறைக்கு மட்டும் சொல்லிவிடுங்கள். அந்த முட்டைகளுக்குத் தேவை, அலை ஏறாத மணலும், யாரும் அசைக்காத ஐம்பது நாளும்தான்.